குயிலையும் குப்பையையும் தமிழில் எழுதித் தாருங்கள்

சிங்கப்பூரில் சிறுவர்களுக்காகத் தமிழில் எழுதுகிறவர்களுக்கும், அந்த நூல்களைப் பதிப்பிக்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

ஒரே ஒரு வேண்டுகோளோடு உங்களுக்கு எழுதுகிறேன். நம் பிள்ளைகள் தினமும் கண்ணால் பார்க்கிற உலகத்தைப் பற்றி அவர்களுக்குத் தமிழில் தகவல் நூல்கள் எழுதித் தாருங்கள். கதைகள் நிறையத் தந்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி. இப்போது நான் கேட்பது நடந்ததையும் இருப்பதையும் உள்ளபடி சொல்லும் புத்தகங்கள்.

நான் இரண்டு பிள்ளைகளின் தாய். சனிக்கிழமைகளில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கிலும் பக்கத்துப் புளோக்குகளிலும் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளைக் கீழ்த்தளத்தில் உட்காரவைத்து வாசித்துக் காட்டுகிறேன். தொடக்கநிலை ஒன்றிலிருந்து ஐந்து வரை கலந்து இருப்பார்கள். கதை வாசித்தால் சிலர் வாய் பிளந்து கேட்பார்கள், சிலர் ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த இரண்டாவது கூட்டத்துக்குத் தமிழ் பிடிக்கவில்லை என்று பெற்றோர் முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே பிள்ளைகளிடம் எம்ஆர்டி ரயிலுக்கு ஓட்டுநர் இல்லாமல் எப்படி ஓடத் தெரியும் என்று பேச்சை எடுத்தால், முட்டி போட்டு முன்னால் வந்துவிடுகிறார்கள். கதையில் மனம் ஒட்டாத பிள்ளைகள் எல்லா மொழியிலும் உண்டு. ஆங்கிலத்தில் அவர்களுக்கென்று எரிமலை, எலும்புக்கூடு, ராக்கெட் என்று ஒரு தனி அலமாரியே இருக்கிறது. தமிழில் அவர்கள் எதை எடுப்பார்கள்?

நூலகங்களைக் குறை சொல்ல முடியாது. எழுதப்படாத புத்தகத்தை எந்த நூலகரும் வாங்கி அடுக்க முடியாது. தமிழ்நாட்டிலிருந்து நல்ல சிறுவர் அறிவியல் நூல்கள் வருகின்றன, அவற்றையும் வாசித்துக் காட்டுகிறேன். ஆனால் அவற்றில் வருவது ஏரியும் கண்மாயும் பனைமரமும். மொழிபெயர்த்து வருபவற்றில் பனிக்காலமும் கரடியும் வருகின்றன. இரண்டும் வேண்டும்தான். என்றாலும் ஈசூனில் பதினோராவது மாடியில் வளரும் ஒரு பிள்ளை தன் சன்னலுக்கு வெளியே இருப்பதைப் பற்றித் தமிழில் ஒரு பக்கமாவது படிக்க வேண்டாமா?

இதை நான் பெரிய விஷயமாக நினைப்பதற்குக் காரணம் உண்டு. பள்ளியில் பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில். தொடக்கநிலை மூன்றில் அறிவியல் பாடம் தொடங்குகிறது, அதுவும் ஆங்கிலத்தில். பிள்ளைக்குக் கேள்வி பெருகுகிற வயதும் அதுதான். அந்த நேரத்தில் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தால் நரியும் ராஜாவும் பாட்டியும்தான் வருகிறார்கள் என்றால், உலகம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ள ஆங்கிலம், பழைய கதை கேட்கத் தமிழ் என்று மனத்தில் ஒரு கோடு விழுந்துவிடுகிறது. யாரும் சொல்லிக்கொடுத்து விழும் கோடு இல்லை அது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காடு. வீட்டில் தமிழ் பேசுங்கள் என்று மேடையில் சொல்கிறோம், சரி. எதைப் பற்றிப் பேசுவது? சாப்பிட்டாயா, குளித்தாயா, வீட்டுப்பாடம் முடித்தாயா என்பதைத் தாண்டிப் பேச்சு போக வேண்டுமானால், பேசுவதற்கு ஒரு பொருள் வேண்டும். தகவல் நூல் அந்தப் பொருளைக் கொடுக்கும்.

நீங்கள் எழுதக் காத்திருக்கும் விஷயங்கள் எத்தனை என்று பாருங்கள்.

எங்கள் புளோக்குக்கு முன்னால் ஒரு மரத்தில், வெளிச்சம் வருவதற்கு முன்பே குயில் கத்த ஆரம்பித்துவிடும். தீவு முழுக்க இதே சத்தம்தான். உரக்கக் கூவுவது ஆண் குயில். உடம்பெல்லாம் கறுப்பு, கண் மட்டும் சிவப்பு. பெண் குயில் பழுப்பு, மேலெல்லாம் வெளிர்ப் புள்ளிகள். அது கூடு கட்டாது, காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். இது வரை நம் பாட்டிகளும் சொல்லிவிடுவார்கள். இந்த வட்டாரத்துக்குக் காக்கை எப்படி வந்தது என்பது தெரிந்தால்தான் விஷயம் விரியும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவில் கிள்ளான் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் புழுத் தொல்லை. காக்கைகள் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். காப்பித் தோட்டங்கள் போய்விட்டன, காக்கைகள் தங்கிவிட்டன. காக்கை பெருகிய இடங்களில் குயிலுக்கும் முட்டையிடக் கூடு கிடைத்தது. இவ்வளவையும் சொன்னபோது, குயில் சத்தத்துக்குத் தலையணையைக் காதில் அமுக்கிக்கொள்வதாகச் சொன்ன ஒரு பையன், மறு வாரம் காக்கைக் கூடு எந்தக் கிளையில் இருக்கிறது என்று எனக்குக் காட்டிக்கொடுத்தான். பாட்டி சுட்ட வடையைத் திருடிய காக்கை அவனுக்கு முன்பே தெரியும். மரத்தில் இருக்கும் காக்கையை அவன் அன்றுதான் பார்த்தான்.

அப்புறம் ரப்பர். இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் இல்லையே என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு, போகாத பிள்ளை இங்கே அநேகமாக இருக்காது. 1859இல் உருவான தோட்டம், 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலமானது. அங்கே பிள்ளைகள் ஆர்க்கிட் பூவைப் பார்க்கிறார்கள், அன்னத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தோட்டத்துக்கும் நம் குடும்பங்களுக்கும் இருக்கும் உறவை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. பிரேசிலிலிருந்து எடுத்துவந்த ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைத்து, அவற்றில் 22 கன்றுகளை 1877இல் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். 1888இல் பூமலைக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் சாய்வாகச் சீவித் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். ரப்பர் நடுங்கள் என்று தோட்ட முதலாளிகளை விடாமல் வற்புறுத்தினார். பிறகு மோட்டார் கார் வந்தது, டயர் தேவைப்பட்டது, மலாயா முழுக்க ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. அந்தத் தோட்டங்களில் பால்மரம் வெட்டத்தான் தமிழ்க் குடும்பங்கள் ஆயிரமாயிரமாகக் கப்பலேறி வந்தன.

இங்கிருந்து அறிவியலுக்குள் எவ்வளவு எளிதாக இறங்கலாம் பாருங்கள். ஏன் விடிவதற்கு முன்பே எழுந்து மரம் வெட்டப் போனார்கள்? கங்காணி விரட்டியது மட்டும் காரணமா? வெயில் ஏற ஏற மரம் இலை வழியாக நீரை இழக்கும், பட்டைக்குள் இருக்கும் அழுத்தம் குறையும், பால் ஓட்டமும் குறையும். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக வடியும். உளியைக் கொஞ்சம் ஆழமாக விட்டால் என்ன ஆகும்? பட்டைக்கு அடியில் மரத்தை வளர்க்கும் மெல்லிய அடுக்கில் காயம் பட்டு, மறுபடி பட்டை சரியாக வளராது. மரத்தில் கட்டிய மங்கில், அதாவது கிண்ணத்தில், சேர்ந்த பால் எப்படி ஷீட்டானது? அமிலம் கலந்தால் பால் திரளும், திரண்டதை உருளையில் விட்டுத் தட்டையாக்கிப் புகையில் காயவைப்பார்கள். தாவரம், வேதியியல், வரலாறு, புவியியல் எல்லாம் ஒரே மரத்தில் இருக்கிறது. படித்து முடித்த பிள்ளை வீட்டில் தாத்தாவிடம் போய் ஒரு கேள்வி கேட்கும், அவர் தன் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். இதை ஆங்கிலத்தில் எழுதினால் பாதிதான் கிடைக்கும், ஏனென்றால் அந்த வேலையைச் செய்த வாய்கள் தமிழ் பேசின.

செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் அப்படித்தான். 1861இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தை எழுப்பியதில் இந்தியக் கைதிகளின் உழைப்பு இருக்கிறது. அதன் சுவர்ப்பூச்சுக்கு மெட்ராஸ் சுண்ணம் என்று பெயர். சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டையை ஊறவைத்த நீர் எல்லாம் சேர்த்துக் குழைத்து, காய்ந்த பிறகு கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். முட்டையைப் போட்டு யாராவது சுவர் பூசுவார்களா என்று பிள்ளைகள் என்னை நம்பவே இல்லை. ஒரு நல்ல படப் புத்தகம் கையில் இருந்திருந்தால் பக்கத்தைப் புரட்டிக் காட்டியிருப்பேன்.

வீட்டுக்குள்ளேயே தொடங்கலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுச் சமையலறையில் குப்பை போடும் கதவைத் திறந்து ஒரு பையை உள்ளே தள்ளுகிறோம். அது எங்கே போகிறது? லாரி, எரி ஆலை, அங்கே பத்தில் ஒரு பங்காகச் சுருங்குவது, மிஞ்சும் சாம்பல் துவாஸில் படகேறி 1999 முதல் செமக்காவ் தீவுக்குப் போவது, அந்தக் கிடங்குக்காகக் கடலில் ஏழு கிலோமீட்டர் நீளத்துக்குத் தடுப்பு கட்டியது, அதையும் தாண்டி அங்கே சதுப்புநிலக் காடும் பவளமும் உயிரோடு இருப்பது. இது முழுவதும் ஒரு பயணம். வாசிக்கிற பிள்ளை பக்கத்துக்குப் பக்கம் அந்தப் பையின் பின்னாலேயே ஓடும்.

குழாய்த் தண்ணீரும் அப்படியே: ஜோகூரிலிருந்து வருவது, மழையில் சேர்வது, கடல்நீரிலிருந்து உப்பை நீக்குவது, 2003 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் நியூவாட்டர். 1987 நவம்பர் 7ஆம் தேதி இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்தே நிலையங்களோடு தொடங்கிய எம்ஆர்டி. கடலை மேடாக்கி, சுமார் 580 சதுர கிலோமீட்டரிலிருந்து 730க்கும் மேல் வளர்ந்த நிலம். 2015 ஜூலையில் ஜூரோங் அருகே இறந்து மிதந்த, பத்து மீட்டருக்கும் நீளமான எண்ணெய்த் திமிங்கிலம். அதன் எலும்புக்கூடு இன்று லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் நிற்கிறது, வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. தேக்காவில் எருமைச் சாலை என்று ஏன் இருக்கிறது, டோபி காட் நிலையத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது. ஒவ்வொன்றும் ஒரு புத்தகம்.

உலகத்தை உற்றுப் பார்த்து எழுதுவது நமக்குப் புதிதில்லை. காலை இரையாக வாளை மீனைப் பிடிக்கும் நீர்நாயைக் குறுந்தொகைப் புலவர் ஒருவர் எழுதியிருக்கிறார். 1998இல் சுங்கை பூலோவில் மறுபடி தென்பட்டு, இன்று பீஷான் பூங்காவிலும் காலாங் ஆற்றிலும் குடும்பம் குடும்பமாகத் திரியும் நீர்நாய்களை நாம் எழுதாமல் இருக்கிறோம். பிற்காலத்திலும் பெரிய முயற்சிகள் நடந்திருக்கின்றன. பெரியசாமித் தூரன் ஆசிரியராக இருந்து 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் வந்தது. கணினி இல்லாத காலம், கைக்கு எட்டிய வசதியில் எழுதினார்கள். நம் ஊரிலும் 1950களிலேயே தமிழ் முரசு மாணவர்களுக்கென்று இடம் ஒதுக்கி அவர்களை எழுத வைத்தது, அங்கிருந்து எழுத்தாளர்கள் வந்தார்கள். ஆகவே, முடியுமா என்ற கேள்வி எனக்கு இல்லை.

எழுதும்போது சிலவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசித்ததில் எனக்குப் பட்டவை இவை.

தயவுசெய்து நீதி சேர்க்காதீர்கள். எறும்பைப் பற்றி எழுதினால் எறும்பைப் பற்றி மட்டும் எழுதுங்கள். அது எப்படி வழி கண்டுபிடிக்கிறது, மோப்பத் தடத்தை எப்படி விட்டுச் செல்கிறது, மழை வந்தால் புற்றில் என்ன நடக்கிறது. கடைசிப் பக்கத்தில் "நாமும் எறும்பைப் போல உழைப்போம்" என்று வந்தால் பிள்ளைகளுக்குச் சட்டென்று தெரிந்துவிடுகிறது, இதுவும் பாடம்தான் என்று. முகம் மாறுவதை நான் நேரில் பார்க்கிறேன்.

படங்களுக்குப் பெயர் எழுதுங்கள். தகவல் நூலை எந்தப் பிள்ளையும் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிப்பதில்லை. நடுவில் திறக்கும், படத்தைப் பார்க்கும், படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சொல்லைப் படிக்கும், பிடித்திருந்தால்தான் பத்திக்குப் போகும். தமிழில் தடுமாறி வாசிக்கும் பிள்ளைக்கு இது பெரிய வரம், ஏனென்றால் முழுப் பக்கத்தையும் ஏற வேண்டியதில்லை. ஒரு அம்புக்குறி, ஒரு சொல், அது போதும். உடற்கூறு, குறுக்குவெட்டுப் படம், வரைபடம், அளவு காட்டும் ஒப்பீடு, இவற்றுக்கு நல்ல ஓவியர்களிடம் பணம் கொடுத்து வரையச் சொல்லுங்கள். இணையத்தில் கிடைத்ததை ஒட்ட வேண்டாம். கடைசியில் பொருளடைவு ஒன்று இருந்தால், அகர வரிசையில் தேடுவதற்காகவே பிள்ளைகள் அ, ஆ வரிசையை நினைவுபடுத்திக்கொள்வார்கள்.

மொழி எளிதாக இருக்கட்டும். வீட்டில் ரயில், லாரி, பைப், லிஃப்ட் என்று பேசுகிற பிள்ளைக்கு அந்தச் சொற்களையே தமிழ் எழுத்தில் கொடுத்தால் தவறில்லை. செய்திகளில் கேட்கும் மின்தூக்கியும் வரட்டும், அது பழகிய சொல். ஒரே பக்கத்தில் பத்துப் புதிய கலைச்சொற்களைக் கொட்டினால் மட்டும் பிள்ளை புத்தகத்தை மூடிவிடும்.

உண்மை சரியாக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. பறவை பற்றி எழுதினால் பறவை தெரிந்தவர் ஒருவர் கைப்பிரதியைப் படிக்கட்டும். நம் சமூகத்தில் பொறியாளர்கள், மருத்துவர்கள், பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நீர் ஆலைகளில் வேலை செய்பவர்கள், ரயில் பராமரிப்பாளர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். எத்தனை பேரிடம் "என் பிள்ளைப் புத்தகத்தைப் பார்த்துத் தருவீர்களா" என்று கேட்டிருக்கிறோம்? கேட்டால் செய்வார்கள். புத்தகம் எந்த ஆண்டின் தகவல் என்பதையும் போடுங்கள். புளூட்டோ 2006இல் கோள்களின் பட்டியலிலிருந்து போய்விட்டது என்பது போல அறிவு மாறும், அது மாறும் என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். இன்னும் யாருக்கும் விடை தெரியாத கேள்வி இருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். அந்த இடத்தில்தான் பிள்ளைகள் அதிகம் பேசுகிறார்கள்.

பதிப்பாளர்களின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. சந்தை சிறியது. வண்ணப் படத்தோடு அச்சடித்தால் செலவு, சில நூறு பிரதிகள் விற்பதே பெரிய பாடு. தேசியக் கலை மன்றம் நூல் வெளியீட்டுக்கு உதவுகிறது, பாலர் பள்ளி வயதுக்கு என்றால் 2011இல் அமைந்த லீ குவான் யூ இருமொழி நிதி இருக்கிறது. உதவி கேட்கும்போது கவிதைத் தொகுப்புக்கும் சிறுகதைத் தொகுப்புக்கும் கேட்பதைப் போல, "செமக்காவ் தீவு" என்று ஒரு சிறுவர் நூலுக்கும் கேளுங்கள் என்பதே நான் சொல்ல வருவது. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளிலும் ரப்பர், காக்கை, குயில் எல்லாம் செல்லும். எல்லைக்கு அந்தப் பக்கம் வாசகர்கள் நம்மைவிட அதிகம்.

தமிழாசிரியர்களுக்கும் இதில் பயன் உண்டு. வாய்மொழித் தேர்வில் காணொளியைக் காட்டிப் பேசச் சொல்கிறார்கள். மறுசுழற்சியோ பூங்காவோ முதியோர் பராமரிப்போ எது வந்தாலும், பிள்ளைக்குக் கருத்து இருக்கிறது, அதைச் சொல்லும் தமிழ்தான் கையில் இல்லை. மனப்பாடம் செய்த நான்கு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. குப்பைப் பையின் பயணத்தைத் தமிழில் வாசித்த பிள்ளை அப்படி நிற்காது என்று நம்புகிறேன். தேர்வுக்காக இந்தப் புத்தகங்கள் வேண்டும் என்று நான் கேட்கவில்லை, ஆனால் அந்த உதவியும் கிடைக்கும்.

ஏப்ரலில் தமிழ்மொழி விழா வரும்போது கதை சொல்லும் போட்டி, பேச்சுப் போட்டி, நாடகம் எல்லாம் இருக்கும். அவற்றோடு, சிறுவர்களே ஒரு பொருளை ஆராய்ந்து தமிழில் விளக்கிச் சொல்லும் ஒரு மேடையும் வேண்டும். எட்டு வயதுப் பெண் தன் புளோக் மரத்துக் குயிலைப் பற்றி ஐந்து நிமிடம் பேசட்டும். அதற்கு அவள் படிக்க ஒரு புத்தகம் வேண்டுமே. அதனால்தான் முதலில் உங்களிடம் வந்திருக்கிறேன்.

என்னால் முடிந்ததையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: நிலத்துக்கு அடியில் ரயில் போகும்போது மேலே இருக்கும் வீடு ஏன் விழவில்லை, மழை ஏன் மத்தியானத்தில் அதிகம் வருகிறது, ரோட்டோர மரங்களை யார் நட்டது, பல்லி மேற்கூரையில் எப்படி நிற்கிறது. யாருக்கு வேண்டுமானாலும் அந்த நோட்டைப் படியெடுத்துத் தருகிறேன். கைப்பிரதி தயாரானால், அச்சுக்குப் போவதற்கு முன் ஒரு சனிக்கிழமை எங்கள் கீழ்த்தளத்துக்கு எடுத்து வாருங்கள். பிள்ளைகள் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள், எந்தப் பக்கத்தை வேகமாகத் தள்ளுகிறார்கள் என்பதை நீங்களே உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஒரு தாய்